தடித்த கோடு, சின்ன வாசல்

லாக்கப்பிலிருந்து வந்தது அலறல் இல்லை. அலறலெல்லாம் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. இப்போது தொப் என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஒரு மூச்சு, மறுபடி தொப். நடுவில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள்.

ஏட்டம்மா பெஞ்சை விட்டு எழுந்தாள். போலீஸ் உத்தியோகம் போய் வெகு நாளாயிற்று. இப்போது அவள் சொந்தமாகத் துப்பறிகிறவள். ஆனாலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை, இந்த ஸ்டேஷனின் வாடையும் விடவில்லை. பின்னாலேயே பஞ்சர் எழுந்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போய், பாதியில் டயர் கடைக்கு ஓடி, அங்கிருந்து அவளிடம் வந்து ஒட்டிக்கொண்ட உதவியாள். வாய் மட்டும் எந்த இடத்திலும் பாதியில் நின்றதில்லை.

"உள்ள என்ன சார் நடக்குது?" என்றாள் ஏட்டம்மா.

"விசாரணை," என்றார் இன்ஸ்பெக்டர், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"விசாரணைன்னா கேள்வி கேக்கணும். நான் வந்ததுலேர்ந்து ஒரு கேள்விகூட காதுல விழலையே."

"பதில் மட்டும் நல்லா கேக்குது ஏட்டம்மா," என்றான் பஞ்சர்.

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "இங்க பாரும்மா. சர்க்யூட் போர்டு செய்யற கம்பெனி. நேத்து மத்தியானம் அதோட முதலாளி பின்கட்டு ரூம்ல மண்டை உடைஞ்சு செத்துக் கிடக்கறான். தொட்டி வேலை பாக்கற பய பக்கத்துல நிக்கறான். கம்பி அவன் காலடியில. கட்டிப் புரண்டப்ப தொட்டியில கொதிக்கற மருந்துத் தண்ணி தெறிச்சு அவன் கையும் வெந்துருக்கு. இதுல துப்பறிய என்ன மிச்சம்? சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் கிட்ட கொண்டு போறதுக்குள்ள ஒத்துக்குவான்."

"ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்குவான்." சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கதவைத் திறந்து அவனைப் பார்க்க விட்டார்கள். பழைய சிநேகத்துக்குச் செய்த சலுகையாம். கல்யாண வயசுப் பையன். தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கண் இருக்கிற இடமே தெரியவில்லை. வலது கையை மட்டும் உடம்பிலிருந்து தள்ளி, வேறு யாருடையதோ போல விட்டு வைத்திருந்தான். விரல் நுனியிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ் வரை தோல் வெந்து சுருண்டிருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல அங்கே நின்றிருந்தது காயம்.

"யார் பண்ணினது?" என்றாள் ஏட்டம்மா, குனிந்து.

அவன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

வெளியே வந்ததும் பஞ்சர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். ஏட்டம்மாதான் பேசினாள். "தெறிச்ச காயமாடா அது? எண்ணெய் தெறிச்சா எப்படி இருக்கும்? புள்ளி புள்ளியா, மூஞ்சில, கழுத்துல, சட்டையில எல்லாம் இருக்கும். இது முக்கியெடுத்த காயம். எவனோ அந்தக் கையைப் பிடிச்சுத் தொட்டிக்குள்ள அமுக்கியிருக்கான்."

"யாரு, முதலாளியா?"

"அந்த ரூம்ல செத்துக் கிடந்தது அவன்தானே. கையை அமுக்கிக்கிட்டு நின்னவன் மண்டையில, அமுங்கிக் கிடந்தவன் எப்படிடா அடிப்பான்? அங்க மூணாவதா ஒரு ஆள் இருந்திருக்கு."

ஸ்டேஷன் மதிலுக்கு வெளியே காத்திருந்தாள் அவர்களை வேலைக்கு அமர்த்தியவள், அந்தப் பையனின் அக்கா. அதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் போர்டுக்கு லேஅவுட் போடுகிறவள், எந்தக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று வரைகிறவள். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ராத்திரி முழுக்க அழுது முடித்து, இப்போது முகம் காய்ந்து கிடந்தது.

"உயிரோட இருக்கானா மேடம்?"

"இருக்கான். சாயங்காலம் வரைக்கும் இருப்பானான்னு தெரியல," என்றாள் ஏட்டம்மா. மெழுகிப் பேச அவளுக்கு வராது. "கம்பெனியைக் காட்டு."

*

கம்பெனி என்பது ஒரு நீளமான மாடி. முன்னால் கணக்கர் மேஜை. நடுவில் லேஅவுட் அறை. அதைத் தாண்டி ஒரு நடை. நடையின் கடைசியில் பின்கட்டு. அங்கே செம்புத் தகட்டை அரிக்கிற தொட்டி, பூச்சைக் கழற்றுகிற, கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டி, போர்டு வெட்டும் மெஷின். தரையைக் கழுவியிருந்தார்கள். ஓடுகளின் இடுக்கில் மட்டும் கழுவினது போகவில்லை.

லேஅவுட்காரி நேராகத் தன் மேலதிகாரியான டீம் லீடரின் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

"போலீஸ் இதைத்தான் மேடம் சாட்சின்னு எடுத்துக்கிட்டாங்க. மத்தியானம் முழுக்க சீட்டை விட்டு எழுந்திருக்கலன்னு டீம் லீடர் சொன்னான். சாஃப்ட்வேர் அப்பப்ப தானா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும். ஒவ்வொரு காப்பிலயும் வேலை ஏறிக்கிட்டே போயிருக்கு. அதைப் பார்த்து விட்டுட்டாங்க. ஆனா அவன் இங்க இல்ல. நான் காட்டறேன் பாருங்க."

திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் நெளிந்தன. ஏட்டம்மாவுக்கு அது யாரோ வாந்தி எடுத்தது போலத் தெரிந்தது. பஞ்சரிடம் சொன்னாள். அவன், "பரீட்சை ஹால்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றான்.

"இந்தச் சின்னச் சின்னக் கட்டம் இருக்குல்ல, இதான் பேட். சிப்போட கால் வந்து உட்கார்ற இடம். எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும், வரிசை வீட்டு வாசல் மாதிரி. இந்தக் கோடெல்லாம் டிராக். கரண்ட் போற வழி. இது மோட்டாரை ஓட்டற போர்டு, கரண்ட் அதிகம். அதனால சில டிராக் தடியா இருந்தே ஆகணும். ஒல்லியா போட்டா சூடாகி எரிஞ்சுடும். ஆனா தடியாவே கொண்டுபோய் வாசல்ல விட்டா, பக்கத்து வாசலையும் சேர்த்து இடிச்சிடும். அப்பவும் எரிஞ்சுடும்."

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

"வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒல்லியாக்கி உள்ள விடுவோம்."

"லாரியை வீட்டுக்குள்ள ஓட்ட முடியாது," என்றான் பஞ்சர். "தெருவுலயே நிறுத்தி மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுப் போகணும்."

"அதேதான். மனுஷனுக்கு அது தெரியும். மெஷினுக்குத் தெரியாது. ஆட்டோ ரூட்டர்னு ஒண்ணு இருக்கு. பட்டனை அமுக்கினா தானா டிராக் போடும். இந்த லைன் இவ்வளவு தடின்னு எழுதி வெச்சுட்டா, அவ்வளவு தடியிலதான் போடும். இம்மி குறைக்காது. பக்கத்துல இடிக்கும்னா வாசலுக்கு வெளியிலேயே நின்னுடும்."

அவள் ஆரம்பத்துக் காப்பிகளில் நாலைந்தை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒல்லிக் கோடுகள் நூற்றுக்கணக்கில் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தன. தடிக் கோடுகள் மட்டும் சிப்பின் வாசல்வரை வந்து, மூக்கு இடித்ததுபோல நின்றிருந்தன.

"மனுஷன் உட்கார்ந்து போட்டிருந்தா தடிக் கோட்டைத்தான் முதல்ல முடிப்பான். ஒல்லியை மிச்ச இடத்துல நுழைச்சுக்கலாம். இங்க தலைகீழா இருக்கு. பட்டனை அமுக்கிட்டு அவன் எழுந்து போயிருக்கான் மேடம். போய்..." அவள் கை பின்கட்டுப் பக்கம் நீண்டது.

"முதலாளியை அவன் ஏன் கொல்லணும்?"

"போன தடவை அனுப்பின போர்டெல்லாம் வாங்கினவன் இடத்துல எரிஞ்சு போச்சு. டீம் லீடர் போட்ட லேஅவுட். இடிக்குது இடிக்குதுன்னு சாஃப்ட்வேர் கத்தியிருக்கு. அவன் அந்தச் செக்கையே ஆஃப் பண்ணிட்டு தடிக் கோட்டை அப்படியே உள்ள விட்டுட்டான். கேட்டதுக்கு, தொட்டியில சரியா அரிக்கலன்னு என் தம்பி மேல தள்ளிட்டான். முதலாளிக்கு உண்மை தெரிஞ்சிருந்தா இவனை மிதிச்சு வெளிய தள்ளியிருப்பாரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்போது வாசலில் நின்றிருந்த கணக்கர் தொண்டையைச் செருமினார்.

"அது எப்படிம்மா? நான் என் கண்ணால பார்த்தேனே. முதலாளியைத் தேடிக்கிட்டு முதல்ல இந்தக் கதவைத்தான் திறந்தேன். இதே சீட்டுல உட்கார்ந்திருந்தாரு. முதலாளி எங்க சார்னு கேட்டேன். திரும்பாமலே கையை ஆட்டினாரு. அப்புறம்தான் பின்கட்டுக்குப் போய் அந்தக் கண்றாவியைப் பார்த்தேன்."

"மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"அவர் என்னைக்கு என்னை மாதிரி ஆளுக்கு மூஞ்சி கொடுத்துப் பேசியிருக்காரு? முதுகைத்தான் பார்த்தேன். தலையில தொப்பி, காதுல ஹெட்போன், அந்தக் கோட்டு. மவுஸ் டிக் டிக்னு ஓடிக்கிட்டிருந்துச்சு."

கோட்டு நாற்காலி முதுகிலேயே தொங்கியது. போர்டுகள் கெடாமலிருக்க எல்லோரும் மாட்டுகிற நீலக் கோட்டுதான். ஆனால் இதன் முதுகில் மட்டும் கொட்டை எழுத்தில் 'டீம் லீடர்' என்று அச்சடித்திருந்தது.

"கல்லறையில எழுத வேண்டியதை முன்னாடியே எழுதி வெச்சுக்கிட்டான்," என்றான் பஞ்சர்.

ஏட்டம்மா கோட்டை எடுத்து உதறினாள். வெளிப்பக்கம் சுத்தம். உள்பக்கத்தைத் திருப்பினாள். மார்பு இருக்க வேண்டிய இடத்திலும் வலது கையின் உள்ளேயும் திட்டுத் திட்டாகக் காய்ந்த பழுப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். இருபது அடி தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரியும் வாடை அது.

"ரத்தம்," என்றாள்.

லேஅவுட்காரி ஓரடி முன்னால் வந்தாள். "நான் சொன்னேன்ல மேடம்!"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் டீம் லீடர். மேலாளர் யாரோ கூப்பிடுவதாகப் பொய் சொல்லி பஞ்சர் வரவழைத்திருந்தான். ஆறடி ஆள். வந்தவன் கோட்டைப் பார்த்தான், கறையைப் பார்த்தான், ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தான். அடுத்த கணம் மேஜை மேலிருந்த கீபோர்டைப் பிடுங்கி பஞ்சரின் முகத்தில் விளாசினான். எழுத்துச் சாவிகள் அறை முழுக்கப் பறந்தன. பஞ்சரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. கணக்கர் மேஜைக்கு அடியில் போனார்.

டீம் லீடர் கதவுக்குப் பாய்ந்தான். ஏட்டம்மா நாற்காலியை உதைத்தாள். அது அவன் முழங்காலில் போய் மோதியது. குனிந்தவன் தலைமுடியைப் பற்றி மேஜை விளிம்பில் ஒரு முறை இறக்கினாள். பல் உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இன்னொரு முறை இறக்கினாள். அது தேவையில்லாததுதான். ஆனால் காலையிலிருந்து யார் மேலாவது இறக்க வேண்டும்போல அவளுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"நான் கொல்லல! நான் இங்கயே இல்ல!"

"நேத்து சீட்டை விட்டு எழுந்திருக்கலன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்! ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில மத்தியான வேலை பாக்கறேன். இங்க ஆட்டோவை ஓட விட்டுட்டு அங்க போயிடுவேன். திரும்பி வந்தப்ப ஒரே கூச்சல். கோட்டை எடுத்து மாட்டக்கூட இல்ல, கூட்டத்துல நின்னுக்கிட்டேன். ரெண்டு கம்பெனிக்கும் தெரிஞ்சா சோத்துக்கு வழியில்லாம போயிடும்னுதான்..."

"அங்க இருந்தேன்னு என்ன அத்தாட்சி?"

"கட்டை விரல் வெச்சாத்தான் அங்க கதவே திறக்கும். போகும்போதும் வெக்கணும், வரும்போதும் வெக்கணும். கேட்டுப் பாருங்க!"

ஏட்டம்மா போன் செய்து கேட்டாள். அந்தக் கம்பெனியின் வாட்ச்மேன் மெஷினைப் பார்த்து, அதற்குப் பிறகு கேமராவையும் பார்த்துச் சொன்னான். கணக்கர் கத்திக்கொண்டு ஓடிவந்த வேளையில் டீம் லீடரின் ஆறடியும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"ஒரே கட்டை விரலுக்கு ரெண்டு சம்பளம்," என்றான் பஞ்சர், மூக்கில் துணியை அமுக்கியபடி. "எனக்கு பத்து விரலும் இருந்து ஒண்ணுக்கே ததிங்கிணத்தோம்."

ஏட்டம்மா சிரிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீம் லீடர் இதைப் போட்டுக்கொண்டு அடித்திருந்தால் ரத்தம் கோட்டுக்கு வெளியே தெறித்திருக்கும். உள்பக்கம் இருக்கிறது. ஏற்கெனவே ரத்தமாகியிருந்த ஒருவர், அதை மறைக்க இந்தக் கோட்டை மேலே மாட்டியிருக்கிறார். கதவு திறக்கிற சத்தம் கேட்டு, கைக்கு எட்டிய நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கணக்கர் பார்த்த முதுகு அது.

"பஞ்சர், அந்தக் காப்பி எல்லாத்தையும் திற. கணக்கர் கதவைத் திறந்த நேரத்துக்கு அப்புறம் வந்தது எது? மவுஸ் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு சொன்னாரே, எதுக்குடா ஓடுச்சு?"

பஞ்சர் வேறொரு கீபோர்டை இழுத்துச் செருகினான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. பிறகு அவன் கை நின்றது.

"ஏட்டம்மா, இங்க பாருங்க. இதுக்கு முந்தின காப்பி வரைக்கும் எல்லா தடிக் கோடும் வெளியில நிக்குது. இதுல மட்டும் மூணு உள்ள போயிருக்கு. ஒல்லியாக்கி விட்டிருக்காங்க. மெஷின் பண்ணாதுல்ல?"

"இதை நீ பண்ணினியா?" என்று டீம் லீடரைக் கேட்டாள்.

அவன் வீங்காத ஒரு கண்ணால் திரையைப் பார்த்தான். அந்த நிலையிலும் உதடு சுழித்தது. "நான் ஒல்லியாக்கினாக்கூட ஒரே வெட்டு வெட்டி உள்ள விடுவேன், படி மாதிரி. இப்படிப் புனல் புனலா மினுக்கிக்கிட்டு உட்கார எனக்கு நேரமில்ல. இது..."

"வாயை மூடு. பஞ்சர், இவனை இழுத்துட்டுப் போய் முன்னாடி உட்கார வை. கணக்கரே, நீங்களும் போங்க."

*

அறையில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"உட்காரு," என்றாள் ஏட்டம்மா. மெஷின் போட்ட பழைய காப்பியைத் திறந்து வைத்திருந்தாள். "அந்த மூணு தடிக் கோட்டையும் முடிச்சுக் காட்டு."

"எதுக்கு மேடம்?"

"எனக்குப் புரியணும்."

லேஅவுட்காரி உட்கார்ந்தாள். மவுஸ் கைக்கு வந்ததும் அவள் தோள்கள் இறங்கின. நேற்றிலிருந்து முதன்முறையாக அவள் உடம்பு எங்கோ பொருந்தியது. வெளியே நின்ற கோட்டின் முனையை அழித்தாள். வாசலிலிருந்து தொடங்கினாள். உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு கோட்டை வெளியே இழுத்து, பக்கத்து வாசலைத் தாண்டியதும் ஒரு சாவியைத் தட்டி, இரண்டு பக்கமும் ஒரே சரிவாக விரித்து, தடிக் கோட்டோடு சேர்த்தாள். புனல். அடுத்ததும் அப்படியே. கண் சிமிட்டாமல், உதட்டைக் கடித்தபடி. மூன்றாவதில் பாதி வந்தபோது கை நின்றது.

பக்கத்துத் திரையில் பஞ்சர் கண்டுபிடித்த காப்பி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இதைப் பார்த்தாள். இரண்டும் ஒரே கை.

"எனக்கு ஞாபகமே இல்ல மேடம்," என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கதவு திறந்துச்சு. திரும்பினா செத்தோம்னு ஸ்க்ரீனையே பார்த்தேன். கோடெல்லாம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. அப்படி நிக்கறதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது மேடம் எங்களால. கை தானா போயிருக்கு."

"முதலாளி உன் தம்பி கையைத் தொட்டியில அமுக்கினான். நீ பார்த்துட்டே."

"எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், சத்தம் கேட்டு ஓடினேன். ரெண்டு கையாலயும் அவன் கையைப் பிடிச்சு உள்ள அமுக்கிக்கிட்டிருந்தான். 'உனக்கு அரிக்கத் தெரியலல்ல, எப்படி அரிக்கும்னு நான் காட்டறேன்டா'ன்னு சொல்லிக்கிட்டே. தம்பி கத்தின கத்து... வெட்டற மெஷினோட இரும்புக் கைப்பிடி கழண்டு கிடந்துச்சு. எடுத்தேன். பின்னாலேர்ந்து அடிச்சேன். தம்பி போ போன்னான். ஓடி வந்து அவன் தொப்பி, நீலக் கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டேன். கூச்சல்ல எல்லாரும் பின்கட்டுக்கு ஓடினப்ப அதைக் கழட்டிப் போட்டுட்டு என் கோட்டை மாட்டிக்கிட்டேன்."

"அப்புறம் என்கிட்ட வந்து, டீம் லீடரைப் பிடிங்கன்னே."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, தீதான் இருந்தது. "தப்பா மேடம்? எரிஞ்சது அவன் போட்ட போர்டு. வெந்தது என் தம்பி கை. ராத்திரி முழுக்கப் படிச்சு, யார் யார் கிட்டயோ பேச்சு வாங்கி, இந்த வேலைக்கு வந்தேன். என் தம்பியும் நாலு காசு பார்க்கட்டும்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவன் படிச்ச திமிர்ல செக்கை ஆஃப் பண்ணுவான், அடி மட்டும் எங்களுக்கு விழணுமா? அவன் உள்ள போகட்டும்னு நினைச்சேன். இப்பவும் நினைக்கறேன்."

ஏட்டம்மாவுக்கு அது தப்பு என்று படவில்லை. டீம் லீடரின் உடைந்த பல்லைப் பற்றிக் கொஞ்சம் இருந்த உறுத்தலும் போயிருந்தது.

"அவனைப் பிடிச்சுக் கொடுக்க முடியாது. கேமராவுல இருக்கான். உன் தம்பி வாயே திறக்கல, தெரியுமா? உனக்காகத்தான் அடி வாங்கிக்கிட்டிருக்கான். சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டான்."

லேஅவுட்காரி மூன்றாவது கோட்டையும் முடித்தாள். சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"போலாம் மேடம்."

*

கார் ஸ்டேஷன் தெருவுக்குத் திரும்பும்போது பஞ்சரின் போன் அடித்தது. பிணவறையில் வேலை பார்க்கிற ஆள், டயர் கடைக் காலத்துச் சிநேகிதன். பஞ்சர் ம் கொட்டிக் கேட்டான். கேட்கக் கேட்க வண்டியின் வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"மொத்தம் அஞ்சு அடியாம் ஏட்டம்மா. பின்மண்டையில ஒண்ணு. அதுல தோல் கிழிஞ்சு ரத்தம் கொட்டினதோட சரியாம். சாகற அடி இல்லையாம்." போனை மடியில் வைத்தான். "மிச்ச நாலும் மூஞ்சியில. மல்லாக்கக் கிடந்தப்ப விழுந்தது. அதுதான் முடிச்சிருக்கு."

ஏட்டம்மா பின்சீட்டுக்குத் திரும்பினாள். "நீ எத்தனை அடிச்சே?"

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை?"

"ஒண்ணு," என்றாள் லேஅவுட்காரி. "கையை விட்டுட்டான். விழுந்தான். கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே எழுந்திரிக்கப் பார்த்தான். தம்பி என்னை வெளிய தள்ளினான். கம்பியை..." அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். "கம்பியை என் கையிலேர்ந்து பிடுங்கிக்கிட்டான். இடது கையால."

பஞ்சர் என்ஜினை அணைத்தான்.

தம்பி வாய் திறக்காமல் கிடந்தது அக்காவைக் காப்பாற்ற மட்டும் இல்லை. தன்னைத்தானே காட்டிக்கொடுக்காமலும் இருந்திருக்கிறான். உள்ளே போய் இவள் உள்ளதை உள்ளபடி சொன்னால், ஓர் அடிக்கு இவள், நாலு அடிக்கு அவன். வீட்டில் விளக்கேற்ற ஆள் இருக்காது. சொல்லாவிட்டால் அவன் இன்றைக்கே செத்துப் போவான். ஏட்டம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். எதுவும் லேசாக இல்லை.

"மேடம்," என்றாள் லேஅவுட்காரி. "அவங்க எத்தனை அடின்னு கேப்பாங்கல்ல?"

பஞ்சர் சட்டென்று திரும்பினான். "ஏட்டம்மா, வேணாம். இது நம்ம வேலை இல்ல."

"நீ முன்னாடி பார்த்து உட்காரு." ஏட்டம்மா அந்தப் பெண்ணின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேப்பாங்க. எங்க எங்க விழுந்துச்சுன்னும் கேப்பாங்க. மாத்தி மாத்திக் கேப்பாங்க. ஒரு தடவை மாறினாலும் பிடிச்சுக்குவாங்க. நடந்ததை நடந்தபடி சொன்னா, கோபத்துல பண்ணினதுன்னு ஒரு வக்கீல் வாதாடலாம், உனக்குக் கொஞ்ச வருஷத்தோட போகும். எல்லாம் நான்தான்னு சொன்னா கொஞ்சத்தோட போகாது. புரியுதா?"

"அவனுக்கு?"

"ஒண்ணும் ஆகாது. அந்தக் கையோட ஒருத்தன் கம்பியைத் தூக்கினான்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டான்."

"நான்தான் அடிச்சேன்னு கத்துவான் மேடம். என்னைப் பார்த்தா கத்துவான்."

"கத்தட்டும். காலையிலேர்ந்து அவன் கத்தினதை அங்க எவன் காதுல வாங்கினான்?"

லேஅவுட்காரி தலையை ஆட்டினாள். கலைந்த முடியை இழுத்துக் கட்டினாள். துப்பட்டாவை எடுத்து இரண்டு தோளிலும் சரியாகப் போட்டுக்கொண்டாள். வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

"பின்னாலேர்ந்து ஒண்ணு," என்றாள் மெதுவாக. "கீழ விழுந்தான். திட்டினான். அப்புறம் முன்னாலேர்ந்து, மூஞ்சியில, மூணு."

ஏட்டம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலு," என்றாள்.

"நாலு," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினாள் அக்கா.